இறங்குகிற பாட்டின் கொழும்புப் பதிப்பு

குற்றச்சாட்டு: 1999 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 21 ஆம் திகதி சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் உள்ள கலியாண மண்டபம் ஒன்றில், மணப்பெண்ணின் தந்தையாகிய திரு. பீற்றர் அவர்களின் விருந்தினர் முன்னிலையில், இசைக்குழுத் தலைவர் திரு. பாயிஸ், ஊரறிந்த ஒரு பாட்டை வாசிக்கையில் அதில் வரவேண்டிய இறக்கத்தை முன்னறிவித்தல் இன்றி நீக்கினார். இறக்கம் வரும் என்று நம்பி வழமைப்படி தரையில் குந்திய திருமதி நாகேஸ்வரி கனகசபாபதி, பாட்டு தன் பாட்டில் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருக்க, மண்டபத்தின் நடுவே தனியாகக் குந்தியிருக்க நேர்ந்தது. அது போதாதென்று திரு. பாயிஸ் ஒலிவாங்கியில், "ஆன்ட்டி, எதையாவது கீழ போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது.

இவ்வளவையும் எழுதி முடித்த கனகசபாபதி பேனையை மூடி மேசையில் வைத்தார். வெள்ளவத்தையில், கடலோர இரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடி வீடு. சமையலறையில் நாகேஸ்வரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவள் ஒரே ஒரு வசனம்தான் பேசியிருந்தாள். வீடு திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டித் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் வைத்தபடி, "இனி நான் ஆடப் போறேல்லை" என்றாள். துவக்கோடு நின்ற சிப்பாய், தனக்கு ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து அவளை நிமிர்ந்து பார்த்தான்.

நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணொருத்தி இனி ஆடமாட்டேன் என்பது, அன்றாடம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த யுத்தச் செய்திகளோடு வைத்துப் பார்த்தால், ஒரு விடயமே அல்ல. கனகசபாபதிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பாட்டு அவளுக்கு யார் என்பதும் அவருக்குத் தெரியும். பீற்றரின் இளைய மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம். அதே மண்டபம், அதே இசைக்குழு. அதற்குள் ஒரு வழி பிறக்கவேண்டும். இல்லாவிட்டால் நாகேஸ்வரி அங்கே வருவாள், மணமக்களை வாழ்த்துவாள், கேக் துண்டைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொள்வாள், கதிரையைவிட்டு எழும்பமாட்டாள். அதைத்தான் அவரால் தாங்கமுடியாது.

கொச்சிக்கடையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் அவர் எழுதுவினைஞர். பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஆங்கிலம் அரைகுறை. மிச்சத்தைச் சரக்குப் பட்டியல்களிலும், கப்பற்காரர் விட்டுப்போன சஞ்சிகைகளிலும் தாமே பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீடு எரிந்தபோது பிறப்புச் சாட்சிப்பத்திரம் முதற்கொண்டு எல்லாம் போயிற்று. தாம் பிறந்தது உண்மைதான் என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி நிறுவுவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கடதாசியையும் எறிந்ததில்லை. மின்சாரப் பட்டியல், பொலிஸ் பதிவுத் துண்டு, கலியாண அழைப்பிதழ், எல்லாம் துளையிடப்பட்டுக் கோவையில் ஏறும். "எங்கட வீட்டில மனிசர் ரெண்டு பேர்தான். மிச்சமெல்லாம் கோவை" என்று நாகேஸ்வரி வருகிறவர்களுக்குச் சொல்லுவாள்.

அந்தக் கோவைகளில் தடித்தது பாட்டின் கோவை.

அது ஓர் ஆங்கில றொக் பாட்டு. அதன் பெயரைச் சொல்லிக் கொழும்பில் எவரும் கேட்டதில்லை. கலியாண வீட்டில் மேடைக்குக் கிட்டப் போய், "தம்பி, அந்த இறங்குற பாட்டைப் போடுங்கோ" என்றால் போதும். பாட்டு முக்கால்வாசி போனபின், கிற்றாரின் நீண்ட ஓட்டம் முடிகிற இடத்தில், எல்லாமே ஒன்றாகச் சரியத் தொடங்கும். பாடுகிறவனின் குரல் தடித்து, தாழ்ந்து, கிணற்றுக்குள் விழுந்தது போலாகும். கிற்றார் தொய்யும். மேளம் தள்ளாடும். பிறகு சத்தமே இராது. இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்துக் கீழேயிருந்து எல்லாம் மெல்ல மெல்ல ஏறி, விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

ஆடுகிறவர்களும் கூடவே இறங்குவார்கள். பெண்கள் சேலைக் கொய்யகத்தைக் கையில் திரட்டிக்கொண்டும், பெரியவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டும், பிள்ளைகள் உருண்டு விழுந்தும், சத்தம் நிற்கும்போது மண்டபமே தரையில் குந்தியிருக்கும். பாட்டு எழும்ப எல்லாரும் எழும்புவார்கள். இருபது வருடமாகக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இது வழக்கம்.

உலகில் வேறெங்கும் அந்தப் பாட்டு இறங்குவதில்லை.

1980 ஆம் ஆண்டு. நாகேஸ்வரியின் அக்காள் புருஷன் இராசரத்தினம், காலி வீதியில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தார். இசைத்தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கசற்றில் ஏற்றித் தருவார்கள். ஏற்றுவது நாகேஸ்வரி. பதிவுப் பெட்டியை மின்சாரத்தில் ஓடவிட்டால் நாடாவில் வண்டு இரைவது போல ஓர் இரைச்சல் ஏறுகிறது, பற்றரியில் ஓடவிட்டால் ஏறுவதில்லை என்று அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். ஆகவே இசைத்தட்டு சுழல்வது மின்சாரத்தில், பெட்டி ஓடுவது பற்றரியில். ஊசியிலிருந்து வரும் கம்பியை நேரே பெட்டியில் பூட்டிவிடுவாள். "ஈசு ஏத்தின கசற்" என்று, அவளின் சுருக்கப் பெயரைச் சொல்லியே, ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

கப்பல் பொறியியலாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிய இசைத்தட்டோடு கனகசபாபதி அங்கே போனது ஒரு பிற்பகல். கப்பல் அன்று பொழுதுபடப் புறப்படுகிறது. பாட்டு முக்கால்வாசி ஏறியிருந்தபோது மின்சாரம் நின்றது. மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, தட்டு தளர்ந்து தளர்ந்து சுழன்றது. ஊசி அதன்மேல் இருந்தது. பற்றரிப் பெட்டி ஒன்றும் அறியாதது போல எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. நாகேஸ்வரி பெட்டியை நிறுத்தக் கை நீட்டினாள். அதற்குள் மின்சாரம் திரும்பி வந்துவிட்டது. தட்டு வேகம் பிடித்தது.

திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். பாட்டு சரிந்து, மறைந்து, திரும்பி எழும்பியது.

"பழுதாப் போச்சு. முதல்ல இருந்து எடுப்பம்" என்றாள்.

"கப்பல் வெளிக்கிடப் போகுது. தட்டைக் கொண்டுபோய்க் குடுக்கவேணும்."

"பழுதான சாமானை நான் வெளியில விடுறேல்லை."

"பழுதெண்டு ஆர் சொன்னது?" என்றார் கனகசபாபதி. "அந்த இடத்தில எனக்கு நெஞ்சுக்குள்ள ஒருமாதிரி இருந்தது. இன்னொருக்காப் போடுங்கோ."

அவள் அவரை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

கசற்றை அவர் பீற்றருக்கு இரவல் கொடுத்தார். துறைமுகப் பண்டகசாலையில் வேலை செய்த பீற்றர், சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளில் கிற்றார் வாசிப்பவர். கொட்டாஞ்சேனைக்காரர், அந்தோனியார் பக்தர். பாட்டைக் கேட்டு மலைத்துப் போனார். "வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான் மச்சான். பாட்ட மயக்கம்போட வச்சு எழுப்புறான் பாரு" என்றார். கிற்றார்க் கம்பியை முறுக்காணியால் தளர்த்தி அந்தச் சரிவைக் கொண்டுவர மாதக்கணக்கில் பழகினார். பாடகனை மயங்கப் பழக்கினார், மேளக்காரனைத் தள்ளாடப் பழக்கினார்.

உண்மையைச் சொல்ல கனகசபாபதி இரண்டு தரம் வாயெடுத்தார். நாகேஸ்வரி விடவில்லை. "வேண்டாம், பாவம் பீற்றர் அண்ணை. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பழகினவரிட்டப் போய்க் கரண்ட் நிண்டதெண்டு சொல்லுறதே?"

ஒரு கொட்டாஞ்சேனைக் கலியாணத்தில் அந்தப் பாட்டு முதன்முதலாக மேடையேறியது. கலியாணத்தைப் பதிவுசெய்யக் கடைப் பெட்டியோடு நாகேஸ்வரியும் அங்கே வந்திருந்தாள். பாட்டு சரியத் தொடங்கியதும் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. மாப்பிள்ளையின் பருத்த மாமா ஒருவர் மட்டும் பாட்டோடு சேர்ந்து இறங்கிக் குந்திவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் குந்தினார்கள். வழக்கம் அப்படித்தான் பிறந்தது.

அடுத்த வருடம் இன்னொரு கலியாணத்தில் பீற்றரின் தாயார் நாகேஸ்வரியைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆட்டத்தில் விட்டார். சத்தம் நின்றபோது அவள் குந்தியிருந்தது கனகசபாபதிக்கு எதிரே. சுற்றிலும் சேலைகளும் காற்சட்டைகளும் மதில் போல. கதிரைகளில் இருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் அவர்களின் முகம் தெரியாது. கொழும்பு முழுக்கத் தேடியும் அவளோடு கதைக்க அவருக்கு வேறொரு மறைவான இடம் அகப்பட்டிருக்கவில்லை. "உம்மை நான் கலியாணம் முடிக்கலாமோ?" என்று மூச்சளவில் கேட்டார். கேட்டு முடியப் பாட்டு ஏறத் தொடங்கிவிட்டது.

"ஓம். முதல்ல எழும்புங்கோ" என்றாள் அவள்.

எண்பத்து மூன்று ஜூலையில் கடை எரிந்தது. கண்ணாடி அலுமாரிகள், இசைத்தட்டுகள், அவள் ஏற்றிய மூலக் கசற்றுகள், பற்றரிப் பெட்டி, ஒன்றும் மிஞ்சவில்லை. பீற்றரிடமிருந்த கசற்றும் அப்போதே நாடா சிக்கி அறுந்து போயிருந்தது. அகதி முகாமாகிவிட்ட ஒரு பாடசாலை மண்டபத்தில் அவர்கள் சில கிழமைகள் இருந்தார்கள். இராசரத்தினம் குடும்பத்தோடு கனடா போய்ச் சேர்ந்தார். கனகசபாபதியும் நாகேஸ்வரியும் வெள்ளவத்தைக்கே திரும்பி வந்தார்கள். அவள் மருந்துக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒலிப்பதிவைப் பற்றி அதன்பின் பேசியதில்லை. கடை இருந்த இடத்தைப் பஸ்ஸில் கடக்கும்போது கடற்கரைப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, கிருலப்பனையில் கந்தோர் நண்பர் ஒருவரின் வீட்டு விருந்துக்குப் போனார்கள். முன்பின் தெரியாத சிங்களப் பையன்கள் நால்வர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாகேஸ்வரி சோற்றுத் தட்டோடு சுவரோரம் நின்றாள். பாட்டு வந்தது. முக்கால்வாசி போனதும் சரிந்தது.

அவள் தட்டைக் கனகசபாபதியின் கையில் கொடுத்தாள். "கடை" என்றாள். பிறகு, "எங்கட கடை" என்றாள். சத்தம் நின்று, அறையில் மற்ற எல்லாரும் குந்தியிருக்க, அவள் வாயைப் பொத்தியபடி நின்றாள், தட்டோடு அவரும் நின்றார்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பையன்களிடம் போய், இந்த இறக்கத்தை எங்கே பழகினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள்.

"ஒறிஜினல் எக்கே தியெனவா, அக்கே" என்றான் கிற்றார்க்காரன். மூலத்திலேயே இருக்கிறதாம். அக்காவுக்குத் தெரியாதா என்பது போல அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தப் பையனின் கன்னத்தைத் தொட்டு விட்டு வந்தாள்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக் கலியாணத்திலும் அந்தப் பாட்டுக்கு நாகேஸ்வரி எழும்பாமல் விட்டதில்லை. "வைரவர் கோயிலுக்கு விளக்கேத்துற பொம்பிளை, கிறிஸ்தவரின்ர வீட்டில போய்க் கூத்தாடுறா" என்று உறவினர்கள் சிலர் கதைத்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

கனகசபாபதி தேடத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். கப்பற்காரரிடம் சொல்லி வைத்து, பாட்டின் பதிப்புகளை ஒவ்வொன்றாக வரவழைத்தார். எழுபத்தொன்றில் வந்த சின்னத் தட்டு: வானொலிக்காகச் சுருக்கியது, கிற்றார் ஓட்டமே இல்லை. எழுபத்திரண்டில் வந்த பெரிய தட்டு: முழுப் பாட்டு. எழுபத்தைந்தில், ஒரு திறந்தவெளிக் கச்சேரியில் பிடித்த இரட்டைத் தட்டு. அதில் பாடகர் மூன்றாம் சரணத்தை மறந்து நிற்க, சனங்கள் பாடிக் கொடுக்கிறார்கள். பிறகு ஒரு தொகுப்பு, தொண்ணூற்று நான்கில் சீடி. கொழும்பில் யார் யார் எப்படி வாசித்தார்கள் என்பதையும் குறித்தார். முகத்துவாரத்துப் பாடகன் ஒருவன் இறக்கத்தில் உண்மையாகவே நெடுஞ்சாண்கிடையாக விழுவான். ஹோட்டலில் வாசிக்கும் ஒருவர், பியானோவின் சுரம் சரியாது என்பதால், அந்த இடத்தில் பியானோ மூடியை மெதுவாகச் சாத்திவிட்டுத் திரும்பத் திறப்பார்.

வெளிநாட்டுப் பதிப்பு வந்து சேரும்போதெல்லாம் நாகேஸ்வரியும் பக்கத்தில் வந்து நிற்பாள். இறங்கவேண்டிய இடம் வரும். பாட்டு நேரே போய்விடும்.

"இவையளுக்குத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போவாள். பீற்றர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எல்லாத் தட்டுகளையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள்.

பாயிஸின் குழு ஒத்திகை பார்ப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில். குற்றச்சாட்டை எழுதுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பீற்றர் கனகசபாபதியை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பீற்றர் இப்போது வாசிப்பதில்லை. சர்க்கரை வியாதியால் விரல் நுனி மரத்துவிட்டது. பாயிஸ் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க, மரியாதை தெரிந்த பிள்ளை. கதிரை போட்டான், பிளேன்டீ வரவழைத்தான்.

"அங்கிள், நான் பகிடிக்குத்தான் கேட்டது. ஆன்ட்டி கோவமா?"

"அவ கோவிக்கேல்லை. அதுதான் பிரச்சினை" என்றார் கனகசபாபதி, மடியில் கோவையை அணைத்தபடி.

"நாங்க மறந்து போய் வுட்ட இல்ல அங்கிள். ஒறிஜினல்ல அது இல்லயே. இந்தா, லண்டன்ல ஈக்கிற மாமா அனுப்பின சீடி. கேட்டுப் பாருங்க."

கனகசபாபதி தடுப்பதற்குள் சீடி சுழன்றது. பீற்றர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். இடது கை தொடையில் கம்பி பிடித்தது. இறங்கும் இடம் வந்தது. கை இறங்கியது. பாட்டு இறங்கவில்லை.

பீற்றர் கண்ணைத் திறந்தார். "ஏய், திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டார்கள்.

"எங்க?"

"இல்ல அங்கிள். அதத்தானே செல்றேன்."

"ரேடியோவுலயும் இல்லதான். அது வெட்டிப் போடுறாங்கன்னு நெனச்சேன்." பீற்றர் கனகசபாபதி பக்கம் திரும்பினார். "கனகு?"

இனி மறைக்க வழியில்லை. கப்பல், பற்றரிப் பெட்டி, நின்று வந்த மின்சாரம், எல்லாவற்றையும் ஒழுங்குமுறையாகச் சொன்னார். கீழே டயர்க் கடையில் யாரோ சில்லுக்குச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பீற்றர் தன் விரல்களைப் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் வாசிச்சது கரண்ட் கட்டா?"

"ஓம்."

"அந்தோனியாரே! அந்தக் கம்பிய எறக்கிப் பழகினதுல வீட்டுல சண்டை மச்சான். பெண்சாதி தாய் வீட்டுக்குப் போறேன்னு பெட்டி கட்டினா." அவருக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "நாகேஸ்வரி தங்கச்சிக்குத் தெரியுமா, இது?"

"அவதான் சொல்லவேண்டாமெண்டவ. நீர் பாடுபட்டுப் பழகினனீராம்."

பீற்றரின் சிரிப்பு நின்றது. கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "இருபது வருஷமாவா" என்றார், தனக்குள்.

"அப்ப அது மிஸ்டேக்தானே அங்கிள்" என்றான் பாயிஸ், மெதுவாக. "மிஸ்டேக்க நாங்க ஏன் வாசிக்கோணும்?"

கனகசபாபதி கோவையைத் திறந்தார். இதற்காகத்தான் அவர் வந்திருந்தார். "இது எழுபத்தொண்டு. அரைவாசிப் பாட்டை வெட்டிப்போட்டு விட்டவை. அது ஒரு பதிப்பு. இது எழுபத்தைஞ்சு. பாடினவருக்குச் சரணம் மறந்து போச்சு. அதை அப்பிடியே தட்டில அடிச்சு, மேடைப் பதிப்பெண்டு பேரும் போட்டு வித்தவை. உம்மட சீடியிலயும் கடைசியில அது இருக்கு, பாரும். அந்த மனிசன் வரியை மறந்தது பதிப்பு. என்ர மனிசியின்ர கடையில கரண்ட் நிண்டது மட்டும் பிழையோ?"

பாயிஸ் சீடி உறையைத் திருப்பிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அங்கிள் லோயரா?"

"கிளார்க்."

"டேய், அந்தக் கிளார்க்குக்குத் துறைமுகமே பயப்படும்" என்றார் பீற்றர்.

"நான் தனிய முடிவெடுக்க ஏலாது அங்கிள். நாங்க அஞ்சு பேர் ஈக்கோம். மத்தவனுகளுக்கு ஒறிஜினல்தான் பைத்தியம்." பாயிஸ் எழுந்து நின்றான். "எழுதித் தாங்க. வாசிச்சுக் காட்டுறேன்."

வந்தவரை மனம் நோகாமல் அனுப்பிவைக்கச் சொன்ன வார்த்தை அது. கனகசபாபதி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுதச் சொன்னால் எழுதுகிறவர் அவர்.

அப்படி எழுதியதைத்தான் இப்போது நாகேஸ்வரி, தேங்காய்ப்பூ ஒட்டிய கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வந்து, எட்டிப் பார்த்தாள்.

"என்ன, வழக்கோ?"

"கடிதம்."

அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, முதற் பந்தியிலிருந்து வாசித்தாள். குற்றச்சாட்டுக்குக் கீழே பரிகாரம் என்று ஒரு தலைப்பு இருந்தது. திரு. பாயிஸ் அதே ஒலிவாங்கியில், அதே மண்டபத்தில், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவேண்டும்.

"பேனையைத் தாங்கோ." வாங்கி அந்த வரியை வெட்டினாள்.

"ஏன்?"

"அந்தப் பொடியன் மைக்கில மன்னிப்புக் கேட்டால் மண்டபம் திரும்பவும் என்னைத்தானே பார்க்கும்? ஒருக்காப் பார்த்தது காணும்."

"அப்ப என்னத்தைக் கேட்கிறது?"

அவள் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "கடையைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"அது அவையளுக்கு என்னத்துக்கு?"

"எழுதுங்கோ. அத்தானிட பேரையும் போடுங்கோ. வேறை எங்க அந்தப் பேர் கிடக்கு இப்ப?"

அவர் எழுதினார். காலி வீதி, வெள்ளவத்தை, இராசரத்தினம் அவர்களின் ஒலிப்பதிவுக் கடை, பதிந்தவர் நாகேஸ்வரி. எழுதுகையில், தம் கோவையின் பதிப்புப் பட்டியலில் இந்த ஒரு பதிவைத் தாமே இதுவரை சேர்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. எழுந்துபோய்க் கோவையை எடுத்துவந்து, எழுபத்தைந்துக்கும் தொகுப்புக்கும் இடையில் 1980, கொழும்பு என்று எழுதிக்கொண்டு வந்து இருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடலோரம் ஓர் இரயில் போயிற்று. யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"சரி, அவையள் இறக்கினம் எண்டு வைப்பம்" என்றாள் நாகேஸ்வரி. "நான் ஆரோட குந்துறது?"

"என்ன கேள்வி இது? எல்லாரும் குந்துவினம்தானே."

"எல்லாரும் இல்லை. நீங்கள். எண்பத்து மூண்டுக்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டிலயாவது நீங்கள் உள்ளுக்கு நிண்டனீங்களோ? வாசல்ல நிண்டு றோட்டைப் பார்ப்பியள். திரீவீலர் கிடக்கோ, செக்பொயின்ற் பூட்டிப் போட்டாங்களோ எண்டு. அண்டைக்கும் வாசல்லதான். நான் கீழ கிடந்து உங்களைத்தான் முதல்ல தேடினனான்."

கனகசபாபதியிடம் எதற்கும் ஓர் ஆவணம் இருக்கும். இதற்கு இல்லை. மண்டபங்களுக்குப் போனால் முதலில் வெளியேறும் வழியைப் பார்ப்பது அவருக்கு மூச்சு விடுவது போலாகிவிட்டிருந்தது. அது அவளுக்குக் காவல் என்றே நினைத்திருந்தார். எந்த இடத்தில் அவளைக் கலியாணம் கேட்டாரோ, அந்த இடத்துக்குத் தாம் பதினாறு வருடமாக இறங்கவேயில்லை என்பதை அவர் அந்த மேசையில்தான் அறிந்தார்.

பேனையைத் திரும்ப வாங்கினார். நிதானமாக ஒரு வரி எழுதிக் கடதாசியை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

"முழங்கால்?"

"அது என்ர பிரச்சினை."

"குந்தினாப் பிறகு எழும்ப ஏலாட்டி?"

"நீர் இருக்கிறீர்தானே. எழுப்பும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஓகஸ்டுக்குப் பிறகு முதற்தடவை. "அப்ப திரீவீலரை ஆர் பார்க்கிறது?"

"பீற்றரைப் பார்க்கச் சொல்லுவம். அவருக்கு இனிக் கிற்றார் வேலை இல்லைத்தானே."

"பாவம் அவர். மகளின்ர கலியாணத்தில அவரை வாசல்ல நிப்பாட்டப் போறியளோ?" அவள் எழுந்து, 'நான்' என்றிருந்த இரண்டு இடங்களைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினாள். "இதுகளை நாங்கள் எண்டு மாத்துங்கோ. பிறகு நீங்கள் கடைசியில வழமையாப் போடுற வரியையும் போடுங்கோ. இல்லாட்டி அது உங்கட கடிதமெண்டு ஒருத்தரும் நம்பாயினம்."

அவர் மாற்றினார். சுத்தப்பிரதி எடுத்தார். கோவைக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டார். அடுத்த நாள் கந்தோருக்குப் போகும் வழியில் டயர்க் கடையில் அவர் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தின் கடைசிப் பந்தி இப்படி இருந்தது:

"மேற்கூறிய இறக்கம், 1980 ஆம் ஆண்டு, வெள்ளவத்தை காலி வீதியில் திரு. இராசரத்தினம் அவர்கள் நடத்திய ஒலிப்பதிவுக் கடையில் நாகேஸ்வரி அவர்களால் பதியப்பட்டது. அந்தக் கடை 1983 ஜூலையில் எரிந்தது. அதிலிருந்து எஞ்சியது இது ஒன்றே. எதிர்வரும் 2000 ஜனவரி 22 ஆம் திகதி சனிக்கிழமை, திரு. பீற்றர் அவர்களின் இளைய மகளின் திருமண விருந்தில், நாங்கள் இருவரும் அப்பாட்டுக்கு ஆடுவோம். இறங்கவேண்டிய இடத்தில் நாங்கள் இருவரும் தரையில் குந்துவோம். நீங்கள் பாட்டை இறக்கினாலும் குந்துவோம், இறக்காவிட்டாலும் குந்துவோம். மன்னிப்பு எதுவும் கோரப்படவில்லை. இறக்குவீர்களா, இல்லையா என்பதை மட்டும், உங்கள் குழுவினர் ஐவரின் கையொப்பத்துடன், எழுத்து மூலம் எங்களுக்கு அறியத் தரவும்."